பதினேழாம் வீடு

ஜோசப்பின் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியபோது ஆரோக்கியதாஸ் பதினோராம் வீட்டுக்கு வந்திருந்தார்.

கண்கள் மூடியே இருந்தன. மூச்சு தகரத்தைச் சுரண்டுவதுபோல இழுத்தது. குரல் மட்டும் தெளிவாக, அடுத்தவர் வாசலில் நின்று கூப்பிடுகிறவரின் மரியாதையோடு வந்தது.

“பதினொன்னு. செல்லப்பாண்டி, உள்ள இருக்கீகளா? ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிர்றேன். உங்க பேரைச் சொல்லலாமா?”

பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிறுத்தினார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பிறகு தலையை லேசாக அசைத்துவிட்டு, “பன்னெண்டு” என்றார்.

ஜோசப்பின் நனைத்த துணியை அவர் உதட்டில் வைத்தாள். “பேசாதீங்க. கொஞ்சம் பேசாம இருங்க” என்று காதருகே சொன்னாள். முந்தாநாளிலிருந்து எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ தெரியாது. கொடைக்கானலின் மூஞ்சிக்கல் சரிவில் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள் அவை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். ஐப்பசி மழை விடாமல் பெய்தவரை கூரைச் சத்தம் அவளுக்குத் துணையாக இருந்தது. இன்று காலை மழை நின்றுவிட்டது. தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கியிருந்தது.

அமெரிக்காவில் பழங்களை டப்பாவில் அடைத்து விற்றுப் பெரும் சொத்துச் சேர்த்த ஒரு குடும்பம், அதில் ஒரு பங்கை ஏழை நாடுகளின் கிராமங்களை ஆராய்வதற்கென்று எழுதிவைத்திருந்தது. ஃபவுண்டேஷன் என்பார்கள். அதன் சார்பில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடைக்கானலுக்கு வந்தவர் டாக்டர் மெரில். ஏரிக்கு மேலே ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தார். மேல்மலைக் குடியிருப்புகளுக்குப் போய் வீடு வீடாகக் கேள்வி கேட்டு எழுதிவர உள்ளூர் ஆள்கள் நாலு பேரை வேலைக்கு வைத்தார். மூன்று பேர் அட்டைக்கடிக்கும் நடைக்கும் பயந்து நின்றுவிட்டார்கள். ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த ஆரோக்கியதாஸ் மட்டும் நிலைத்தார்.

கூக்காலுக்கும் அப்பால் இருந்த ஆனைப்பாறை என்ற குடியிருப்புதான் அவருடைய பங்கு. நாற்பத்தொரு வீடுகள். வீட்டுக்கு எண்பத்துநாலு கேள்விகள். ‘உங்கள் ஊரில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு அதிகம்?’ என்று ஒரு கேள்வி உண்டு. நாற்பத்தொரு வீட்டிலும் பண்ணைப் பெரியவர் என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, சொன்னது யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று பாதையைத் திரும்பிப் பார்த்தார்களாம். ஆனைப்பாறையில் காட்டைத் திருத்தி உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டது அந்த மக்கள். பத்திரத்தில் இருந்தது பண்ணையின் பெயர். அதைக் கேட்கப்போன வேலப்பன் என்கிற இளந்தாரி, பாறையில் வழுக்கி விழுந்து செத்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது.

அந்தச் சனங்கள் ஆறு மாசம் வாயே திறக்கவில்லை. “உங்க பேரு எந்தத் தாளிலயும் வராது. துரைக்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று ஆரோக்கியதாஸ் ஒவ்வொரு வீட்டிலும் சொன்ன பிறகுதான் திறந்தார்கள். சொன்னபடியே தாளில் எண் மட்டும் போட்டார். எந்த எண் எந்த வீடு என்பதை அவர் எங்கும் எழுதவில்லை. தலைக்குள் வைத்திருந்தார்.

இப்போது காய்ச்சல் அந்தத் தலையைத் திறந்துவிட்டது.

நாலு நாளைக்கு முன்னால் மேலே போனவர் தொப்பலாக நனைந்து திரும்பினார். மறுநாளே நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கு வந்து பென்சிலின் போட்டார். இரண்டாம் நாள், “நிமோனியா. ஆஸ்பத்திரியில சேர்த்திருங்க. இங்க வெச்சுப் பார்க்க முடியாது” என்றார்.

அவரைத் தூக்கிப்போக டோலிக்கு ஆள் கூப்பிடப் புறப்பட்டவளை ஆரோக்கியதாஸ் நிறுத்தினார். அப்போது நினைவு தெளிவாக இருந்தது.

“ஜோசு, தூக்கத்துல நான் பேசுறேனா?”

“ம்.”

“என்ன பேசுறேன்?”

“பேரு” என்றாள்.

அவர் கூரையைப் பார்த்தார். “வார்டுல மேல்மலை ஆளுக இருக்காகளா?”

“நாலு பேரு இருக்காக. பண்ணையில வேலை பாக்குற ஒருத்தன் கால் ஒடிஞ்சு கெடக்கான்.”

“அப்ப வேணாம்.”

“உசிரு போனா என்னங்க செய்றது?”

“போகாது. ஊசி போடுறாருல்ல” என்றார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை கொதித்தது. “அவுக என்னை நம்பிச் சொன்னாக ஜோசு.”

அவள் டோலிக்கு ஆள் கூப்பிடவில்லை. நேற்று மாலை மாதா கோயில் சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தபோதுகூட, எண்ணெய் தொட்ட அந்த நேரத்தில் அவர் வாய் திறந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். கணவன் பிழைக்க வேண்டுமென்று வேண்டவில்லை. அது இப்போது ஞாபகம் வந்து அவளை உலுக்கியது.

கதவை யாரோ தட்டினார்கள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பமேரியாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தாள். நின்றது சேனாதிபதி. பண்ணையின் காரியக்காரர். ஒரு கையில் குடை, மற்றொரு கையில் பேரிக்காய்க் கூடை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“டீச்சரம்மா, இன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. பெரியவரும் பாத்துட்டு வரச் சொன்னாக.”

கான்வென்டில் தையல் கற்றுக்கொடுப்பதால் ஊரில் எல்லாரும் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வாயிலிருந்து அது வந்தபோது அவள் கட்டிலை மறைத்து நின்றாள்.

“இப்பத்தான் அசந்தாரு. டாக்டர் யாரும் பாக்க வேணாம்னு சொல்லியிருக்காரு” என்றாள்.

“நான் சத்தம் போடுவேனா? சும்மா உக்காந்திருக்கேன். நீங்களும் ஒத்தையா எம்புட்டு நேரந்தான் பாப்பீக?”

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துண்டை மடியில் விரித்துக்கொண்டார். அவசரமில்லாத ஆள்.

“அய்யா எங்க பக்கம் வரும்போதெல்லாம் நம்ம கொட்டகையிலதான் காப்பி குடிப்பாரு. நல்ல மனுஷன். தாள்ல அவரு எழுதின கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.” அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் பார்வை கொஞ்சம் நின்றது. “அந்தத் தாளெல்லாம் இங்கதான் கெடக்கா?”

“இல்ல. எல்லாம் துரை பங்களாவுல இருக்கு.”

“அங்க இருக்குறது எனக்கும் தெரியும். டைப் அடிச்சு வெச்சிருக்காகளாமே. வெறும் நம்பரு. பேரே இல்ல. அது என்ன கணக்குன்னு புரியல.” சிரித்தார். “பதினேழுன்னு ஒரு வீடாம். வேலப்பன் வழுக்கி விழலைன்னு அந்த வீட்டுக்காரவுக சொன்னாகளாம். கண்ணால பாத்தாகளாம். ஊருக்குள்ள தீ வெக்கிற மாதிரி ஒரு பேச்சு. அது யாருன்னு தெரிஞ்சா, கூப்பிட்டுப் பக்குவமா நாலு வார்த்தை பேசி அனுப்பலாம். வேற ஒன்னுமில்ல.”

பதினேழு யாரென்று ஜோசப்பினுக்குத் தெரிந்திருந்தது. முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

ஆரோக்கியதாஸ் புரண்டார். “பதிமூணு” என்றார்.

சேனாதிபதியின் தலை மெல்லத் திரும்பியது.

“பதிமூணு. கந்தவேல். கந்தவேலு, இருக்கீகளா?”

சேனாதிபதி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தையல் வகுப்பில் ஊசியில் நூல் கோக்கும் பிள்ளைகளின் முகம்போல, அவ்வளவு கவனம். துண்டின் நுனியை விரல் சுருட்டிக்கொண்டிருந்தது. பதிமூன்று என்று மனசுக்குள் எழுதிக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஜோசப்பின் சுவரில் மாட்டியிருந்த ஜெபமாலையை எடுத்தாள். கட்டிலின் மறுபக்கம் முழங்காலிட்டாள். மாதாவுக்கான பிரியதத்த மந்திரத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

சேனாதிபதி மரியாதைக்கு எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். போகவில்லை.

“பதினாலு” என்றது கட்டிலிலிருந்து வந்த குரல்.

அவள் குரலை உயர்த்தினாள். வாயிலிருந்து வருவது ஜெபமா வெறும் சத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மணி முடிவதற்குள் அடுத்த மணியைப் பிடித்தாள். மூச்சு விடும் இடைவெளியில் ஒரு எண் கேட்டுவிடுமோ என்று மூச்சையே விழுங்கினாள். சேனாதிபதி குனிந்தார். ஏதோ போர்வையைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்து, காதை ஆரோக்கியதாஸின் வாயருகே கொண்டுபோனார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜோசப்பின் கட்டிலைச் சுற்றி முழங்காலாலேயே நகர்ந்து வந்து, கணவனின் நெற்றியில் சிலுவை போடுகிற சாக்கில் உள்ளங்கையை அவர் வாய்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. வைத்தாள், அவ்வளவுதான். கைக்குள் அவர் வார்த்தைகள் சூடாக வந்து மோதின. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பட்டது. எது என்ன வார்த்தை என்று மட்டும் தெரியவில்லை.

சத்தம் கேட்டுப் புஷ்பமேரி ஓடி வந்தாள். வாசலில் நின்று பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் அவளும் முழங்காலிட்டுக் கூடச் சேர்ந்து சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அறை நிறைந்துவிட்டது. சேனாதிபதி பின்வாங்கிச் சுவரோரம் நின்றார்.

ஜெபமாலையின் ஐம்பது மணியும் முடிந்தபோதுதான் ஜோசப்பினுக்குக் கை ஆறிப்போயிருந்தது தெரிந்தது. உள்ளங்கையில் சூடு இல்லை. எந்த மணியில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புஷ்பமேரி வந்து அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். “அண்ணன் போயிட்டாரு அக்கா” என்றாள்.

சேனாதிபதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “கடைசி நேரத்துல பக்கத்துல இருக்குற பாக்கியம் எனக்குக் கெடைச்சது” என்று சொல்லி, குளிப்பாட்ட வெந்நீர் போடச் சொல்லிவிட்டு, வெளியே போய்த் தெருவில் நின்றவர்களுக்குச் செய்தி சொன்னார்.

மதியத்துக்கு மேல் மெரில் துரை வந்தார். நெட்டையான ஆள். தலை நிலைவாசலில் இடிக்காமல் குனிந்து நுழைந்தார். புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார்.

“திருமதி ஆரோக்கியதாஸ், நான் மிகவும் வருந்துகிறேன். அவர் என் சகோதரர்.”

உண்மையாகத்தான் சொன்னார். கண் சிவந்திருந்தது. சவத்தின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். போகும்போது அவளைத் தனியே அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

“இதை இன்று கேட்பது தவறு. ஆனால் எனக்கு வேறு நாள் இல்லை. ஃபவுண்டேஷனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆய்வு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புக்கொள்வார்கள். அரசாங்கத்தோடு பேசி, ஆனைப்பாறைக் குடும்பங்களுக்கு அந்த நிலத்தைப் பட்டா செய்து தருவது. விதை, மாடு, பள்ளிக்கூடம். எல்லாம். ஆனால் எண்ணுக்குப் பட்டா தர முடியாது. பெயர் வேண்டும்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“முதலில் அவர்களைக் கேட்க வேண்டும் என்றார். வீடு வீடாகப் போய்க் கேட்டுவருகிறேன் என்று போனார். அதுதான் அவருடைய கடைசிப் பயணம்.” துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெயர்ப் பட்டியல் உள்ள நோட்டுப் புத்தகம் எங்கே இருக்கும்? மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் அவர்கள் வேறு மாவட்டத்தைப் பார்ப்பார்கள்.”

ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை ஜோசப்பினால் அப்படியே சொல்லிவிட முடியும். இரண்டு நாளாக அதைத்தான் கேட்டிருந்தாள், பிள்ளைகள் வாய்ப்பாடு கேட்பதுபோலத் திரும்பத் திரும்ப. சொன்னால் சனங்களுக்கு நிலம். அதே பெயர்கள் டைப் அடிக்கப்பட்டு, பதினேழாம் தாளும் அதோடு சேர்ந்து, பங்களாவிலிருந்து பண்ணைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? எண் மட்டும் இருந்தபோதே போய்ச் சேர்ந்திருக்கிறதே.

“எனக்கு ஒன்னும் தெரியாதுங்க” என்றாள்.

மறுநாள் காலை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் பனிமூட்டம் இடுப்பளவுக்கு நின்றது. ஆனைப்பாறையிலிருந்து சனங்கள் வந்திருந்தார்கள். எப்போது புறப்பட்டு எப்படி வந்து சேர்ந்தார்களோ, இருபது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலிக்கு வெளியே கும்பலாக நின்றார்கள். உள்ளே வரவில்லை. சேனாதிபதி வாசலருகே நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை பட்ட முகம் கீழே குனிந்தது.

மண் போடும்போது அந்தக் கும்பலிலிருந்து ஒருத்தி மட்டும் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு கைப்பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு, ஜோசப்பினைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். “அது ஆரு?” என்று புஷ்பமேரி கேட்டாள். ஜோசப்பின் தெரியாது என்று தலையாட்டினாள். நிஜமாகவே தெரியாது. பெயர்கள்தான் அவளிடம் இருந்தன, முகங்கள் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி அறையின் நடுவில் இருந்தது. ஒன்றும் திருட்டுப் போகவில்லை. ஆரோக்கியதாஸின் சட்டைகள் இருந்ததைவிட ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஜோசப்பின் அதைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்கப் புஷ்பமேரியின் சேலை முந்தானையைப் பிடித்தபடியே இருந்தாள்.

மூன்றாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் கஞ்சி குடித்துப் போன பிறகு, பின்வாசல் வழியாக அந்தப் பெண் வந்தாள். அடுப்படியில் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஜோசப்பின் கொடுத்த கஞ்சியை மிச்சமில்லாமல் குடித்தாள். கும்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினாள்.

“எம்பேரு குப்பம்மா.”

ஜோசப்பின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தாயி, அய்யா கடைசில ஏதோ பேசினாராம். காரியக்காரரு பக்கத்துலயே இருந்தாராம். ஊரெல்லாம் பேச்சு. எங்க ஊட்டு ஆம்பளைக்கு மூணு நாளாச் சோறு எறங்கல. உள்ளதைச் சொல்லுங்க. எதுவும் காதுல விழுந்துச்சா?”

“பதிமூணு வரைக்கும் விழுந்துச்சு. அதுக்கு அப்புறம் விழுகல.”

“எப்படித் தெரியும்?”

“என் காதுலயே விழுகலை” என்றாள் ஜோசப்பின். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குப்பம்மாள் அடுப்பைக் கிளறினாள். கங்கு சாம்பல் பூத்திருந்தது.

“அன்னிக்கு அய்யா வந்தாரு. மழையில ஓடை ஏறிப்போச்சு. அந்தக் கரையிலயே நிக்கிறாரு. நாங்க இந்தக் கரையில. கையைக் கையை ஆட்டி என்னமோ கேக்குறாரு. தண்ணிச் சத்தத்துல ஒன்னும் வெளங்கல. போங்க போங்கன்னு நாங்களும் கையை ஆட்டுறோம். அவரு போகல. ரொம்ப நேரம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நாங்கதான் குளிர் தாங்காம வீட்டுக்குள்ள போயிட்டோம்.” கண்ணை முழங்கையால் துடைத்தாள். “என்ன கேட்டாருன்னே தெரியல.”

“எனக்குத் தெரியும்” என்றாள் ஜோசப்பின்.

துரை சொன்னதை, பட்டாவை, ஃபவுண்டேஷன் கடிதத்தை, மாதக் கடைசியை எல்லாம் தனக்குப் புரிந்த அளவில் சொன்னாள். பெயர் கொடுத்தால்தான் நிலம். பெயர் கொடுத்தால் பதினேழாம் தாளுக்கும் பெயர் வந்துவிடும். இரண்டும் ஒரே தாள்கட்டுக்குள் இருக்கின்றன. அதை மறைக்காமல் சொன்னாள்.

“அவரு கேட்டது இதுதான். உங்க பேரைச் சொல்லலாமா?”

வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் குப்பம்மாளின் தோள் லேசாகத் துள்ளியது.

“அந்தப் பய வேலப்பன் கத்தக்கூட இல்ல தாயி” என்றாள் கடைசியில். “நான் சுள்ளி பொறுக்கிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரு கையைப் புடிச்சிருந்தாக. மூணாவது ஆளு சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. துண்டைச் சுருட்டிக்கிட்டு.” நிறுத்தினாள். “நான் ஒத்தையாச் சொன்னா எனக்கும் பாறைதான். நாப்பத்தொரு வீடும் சொன்னா அம்புட்டுப் பேரையும் தள்ளுறதுக்கு அவுகளுக்கு ஆளு வேணுமே.”

“அப்ப?”

“எல்லாரையும் கேக்கணும். நான் கேட்டா ஊருக்குள்ள நம்ப மாட்டாக. அய்யா வீட்டுல இருந்து வந்து கேட்டாத்தான் சொல்லுவாக.” முதல் முறையாக ஜோசப்பினை நேராகப் பார்த்தாள். “வருவீகளா?”

ஜோசப்பின் பூம்பாறையைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. தையல் வகுப்பு, கோயில், கடைவீதி, இதுதான் அவள் ஊர். அவரை அந்த வேலையை விடச் சொல்லி இரண்டு வருஷம் சண்டை போட்டவள் அவள். வாய்வரை வந்த ‘முடியாது’ அங்கேயே நின்றது. அது ஏன் வெளியே வரவில்லை என்று பிற்பாடும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நாளைக்கு வெள்ளனே முதல் பஸ்ஸு இருக்கு” என்றாள்.

பஸ்ஸில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். அது குப்பம்மாளின் யோசனை. “பூம்பாறையில எறங்கினதும் நான் முன்னால போறேன். என்னைத் தெரியாத மாதிரி பின்னால வாங்க. நான் எங்க திரும்புறேனோ அங்க திரும்புங்க.” பூம்பாறையோடு பஸ் நின்றுவிடும். அங்கிருந்து வண்டிப்பாதை. ஜோசப்பினின் வெள்ளைச் சேலை முழங்கால்வரை சேறாகிவிட்டது. முன்னால் குப்பம்மாளின் கறுப்புக் கம்பளி, பனிமூட்டத்துக்குள் ஒருமுறை தெரிந்தது, ஒருமுறை மறைந்தது. மறையும்போதெல்லாம் அவள் நடை ஓட்டமானது.

பின்னால் ஜீப் வரும் சத்தம் கேட்டது. ஓரமாக ஒதுங்கினாள். ஜீப் அவளைத் தாண்டிப் போகவில்லை. பக்கத்தில் வந்து அவள் நடைக்கு ஊர்ந்தது.

“டீச்சரம்மாவா?” சேனாதிபதி தலையை நீட்டினார். “இந்தச் சேத்துல எங்க இம்புட்டுத் தூரம்? ஏறுங்க. நான் கொண்டுபோய் விடுறேன்.”

“இருக்கட்டும். நடந்துக்குறேன்.”

“கூக்கால் வரைக்கும் நடந்தா கால் என்னத்துக்கு ஆகும்? துட்டி வீட்டுக்காரவுக, அலையக் கூடாது.” முன்னால் மூட்டத்தைப் பார்த்தார். அங்கே கம்பளி தெரியவில்லை. “எந்த வீட்டுக்குப் போகணும்? சொல்லுங்க, நேரா வாசல்லயே எறக்கிவிடுறேன்.”

ஜோசப்பின் நின்றாள். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. குரல் நடுங்காமல் வருமா என்று தெரியாமலே வாயைத் திறந்தாள்.

“எல்லா வீட்டுக்கும்” என்றாள்.

சேனாதிபதி அவளையே பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. அவள் பாதையை விட்டு இறங்கி, உருளைக்கிழங்குக் காட்டின் வரப்பில் கால் வைத்தாள். ஜீப் அங்கே வர முடியாது. கல்லில் கால் சறுக்கியது. சமாளித்து நடந்தாள்.

பின்னால் இன்ஜின் நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் ஒன்று கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சரிவு முழுக்கக் குனிந்து கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த பெண்கள், கையில் மண்ணோடு, ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.